சாய்வு போன இடம்

முள்ளியூர்க் கரிசலுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்தால் ஊதும், வெயில் அடித்தால் வெடிக்கும். அதன் மேல் எவன் எவ்வளவு கம்பியும் சிமெண்டும் கொட்டிக் கட்டினாலும் வருசம் திரும்புவதற்குள் வீடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துகொள்ளும். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கதவு சிக்கினால் ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துக்கொள்வார்கள், சுவர் விரிசல் விட்டால் காலண்டரை மாட்டி மறைத்துக்கொள்வார்கள், மனுசனுக்கே வயசானால் முதுகு வளையுது, வீட்டை மட்டும் என்னத்துக்குக் குறை சொல்ல வேண்டும் என்பார்கள். ஆனால் வீட்டின் போட்டோ சாயக் கூடாது. அதில் மட்டும் ஊர் முழுக்க ஒரே பேச்சு.

ஏனென்றால் அந்த ஊரில் பால் காய்ச்சும் அன்று வீட்டுக்காரர் குடும்பத்தோடு வாசலில் நிற்க, வாசற்படியிலிருந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிவரை வீடு முழுசாக விழுகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, சட்டம் போட்டு, அதே வீட்டின் நடு ஹாலில் சாமி படத்தைவிடப் பெரிதாக மாட்டுவது வழக்கம். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அதே வீட்டின் போட்டோவைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரன் கேட்பான். கேட்டுவிட்டுப் போகட்டும், அவனுக்கு என்ன தெரியும்! அந்தப் படம் எப்படி நிற்கிறதோ அப்படித்தான் குடும்பம் நிற்கும் என்று முள்ளியூரில் ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

அந்தப் படத்தில்தான் ராணி ஸ்டுடியோ காளிராஜின் மானம் போனது. வடக்குத் தெருவில் வசதியானவர்களின் மாடி வீடுகள் ஒரே வரிசை. எதிரே தெருவை ஒட்டித் தடுப்புச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை, ஓடை நிறையக் கருவேலம் புதர், அதற்கும் அப்பால் கண்மாய்க்கரைத் தெரு. போட்டோ எடுக்கிறவன் தடுப்புச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கலாம், அதற்கு மேல் ஒரு அடி பின்னால் போக முடியாது. அங்கிருந்து மூன்று மாடியையும் படத்துக்குள் கொண்டுவர காமிராவை அண்ணாந்து பிடிக்க வேண்டும். அண்ணாந்து பிடித்தால் இரண்டு பக்கச் சுவரும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, வீடு மல்லாக்க விழப்போவது போலப் படத்தில் வரும்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கனகவேலின் வீட்டுக்கு அப்படித்தான் வந்தது. விருந்தாளிகள் நிறைந்த ஹாலில் படத்தைப் பிரித்துப் பார்த்த முதலாளி, "என்னய்யா காளிராஜு, பால் காய்ச்சின அன்னைக்கே என் வீட்டுக்குத் தூக்கம் வந்துருச்சா? இப்பிடி மல்லாந்து கெடக்கு!" என்றார். சிரிக்காதவர் யாருமில்லை. பரிமாறுகிறவர்கள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பந்தியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தான், பாயசத்தைத் தொடாமலே எழுந்துவிட்டான். கம்ப்யூட்டரில் இழுத்து நிமிர்த்திக் கொடுத்துப் பார்த்தான். இழுத்ததில் படத்தின் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, மொட்டை மாடியில் மயில் வடிவத்தில் கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியின் தலை காணாமல் போயிற்று. "என் மயிலு எங்கய்யா?" என்று முதலாளி ஆள் விட்டுக் கேட்டார். அதற்கப்புறம் காளிராஜ் கடைத்தெருவில் டீ குடிக்கப் போனால் யாராவது ஒருவர், "மயிலு கிடைச்சிருச்சாய்யா?" என்பார். நாற்பது வயதுக்காரனுக்கு அழுகை வரும்.

இதற்கு ஒரே மருந்து டில்ட்-ஷிப்ட் லென்ஸ்தான் என்று அவனுக்குத் தெரியும். காமிராவை நேராகவே பிடித்துக்கொண்டு, லென்ஸின் கழுத்தை மட்டும் ஒரு திருகைத் திருகி மேலே நகர்த்தினால் உயரமான வீடும் முழுசாகப் படத்துக்குள் வந்துவிடும், சுவர்களும் நூல் பிடித்த மாதிரி நிற்கும். இன்னொரு திருகு கழுத்தைச் சாய்க்கும், அது வேறு வித்தைக்கு. தெரிந்து என்ன செய்ய? பெரிய கம்பெனி லென்ஸின் விலையைக் கேட்டுவிட்டு அவன் மனைவி சண்முகக்கனி, "அதுக்குப் பழைய காரே வாங்கிரலாமே, காருல நாலு பேரு உக்காரவாச்சும் செய்யலாம்" என்றாள். சீனாவில் செய்தது ஒன்று சகாய விலையில் வந்தது, ஆனால் படத்தின் ஓரம் மங்கும், பழுதானால் பார்க்க ஆளில்லை. பழைய ரஷ்ய லென்ஸ் ஒன்று இருந்தது, அம்மிக்குழவி கனம், அவனுடைய காமிராவில் மாட்ட நடுவே ஒரு வளையம் வேறு வாங்க வேண்டும். சென்னையில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், ஆனால் முள்ளியூரில் எப்போது யார் பால் காய்ச்சுவார்கள் என்று சென்னைக்காரனுக்கு முன்கூட்டிச் சொல்ல முடியாது. இப்படியே போனில் லென்ஸ் வீடியோவாகப் பார்த்துப் பார்த்து, இவனுக்கு விலை படிந்தால் லென்ஸ் படியாமலும், லென்ஸ் படிந்தால் விலை படியாமலும் ஒரு கோடை முழுக்கப் போயிற்று.

கடைசியில் மதுரையில் பழைய காமிரா வாங்கி விற்கிற காதர் மைதீன் பாய் கடைக்குப் போனான். பாய் மேஜையில் சிவப்புத் துணி விரித்து, இருக்கிறதையெல்லாம் எடுத்து வைத்தார். ரஷ்ய லென்ஸில் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. சீனா லென்ஸுக்குத் திருகு ஆடியது. மூன்றாவதாக ஒன்று, கறுப்பு வார்னிஷ் போய்ப் பித்தளை தெரிய, பெயர் எழுதிய இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதை மாட்டி எதிரேயிருந்த லாட்ஜைப் பார்த்தான். லாட்ஜ் அட்டென்ஷனில் நின்றது.

"இதுல சாய்க்கிற திருகு இறுகிப்போச்சு தம்பி. நகத்துற திருகு மட்டுந்தான் வேலை செய்யும்" என்றார் பாய்.

"எனக்கு அது போதும் பாய். யாரு செஞ்சது?"

"அல்லாவுக்குத்தான் தெரியும். படம் நல்லா வரும், அதுக்கு நான் ஜவாப்பு. ஆனா இதுக்கு முன்னால வாங்கினவங்க அம்புட்டுப் பேரும் திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டாங்க."

"ஏன் பாய்?"

"நான் கேக்கல. கேட்டா விலை கொறையும்ல?"

காளிராஜ் வாய் கூசுகிற மாதிரி ஒரு விலை கேட்டான். பாய் உடனே துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்துக்கொண்டே வந்தான், ஏமாந்தது பாய்தான் என்ற சந்தோசம் அவனுக்கு.

ஊருக்கு வந்ததும் முதலாளி வீட்டுக்குத்தான் போனான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எடுத்துக்கொள்கிறேன், காசு வேண்டாம் என்று கெஞ்சி, குடும்பத்தை வாசலில் நிறுத்தி, தடுப்புச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, காமிராவை நேராகப் பிடித்து, மயில் முழுசாகத் தெரிகிற வரைக்கும் திருகைத் திருகினான். திருகத் திருகப் படத்தில் வீடு நிமிர்ந்தது. படத்தில் மட்டுமல்ல, வீடே நிமிர்ந்தது. மழைக்குக் கிழக்கே சாய்ந்திருந்த மூன்று மாடியும், தூங்கி விழுகிறவன் யாரோ கூப்பிட்டதும் நிமிர்ந்து உட்காருவானே, அப்படி நேரானது. உள்ளே சிக்கிக்கொண்டு திறக்காமலிருந்த கதவெல்லாம் படபடவென்று திறந்துகொண்டன. அது எப்படி நடக்கும் என்று கேட்கிறவர்கள் கரிசல் ஏன் ஊதுகிறது என்றும் கேட்கட்டும், இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம்.

முதலாளி ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "கைராசிக்காரன்தான்யா நீ" என்றார். அவ்வளவுதான். வடக்குத் தெருவில் அதற்கப்புறம் ஆசாரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. மழை பெய்து வீடு சாய்ந்தால் ராணி ஸ்டுடியோவுக்குப் போன் போடுவார்கள், பல்லுக்கு டாக்டரிடம் நேரம் கேட்கிற மாதிரி நேரம் கேட்பார்கள், வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கூலி கொடுப்பார்கள். கொத்தனார்கள் அஸ்திவாரத்தை ஆழமாகத் தோண்டுவதை விட்டுவிட்டார்கள். மயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. "நிமித்துற காளிராஜ்" என்று பெயர் வந்துவிட்டது, நோட்டீஸிலும் அப்படியே அடித்துக்கொண்டான்.

சாய்வு எங்கே போகிறது என்று அவன் தெரிந்துகொண்டது தீபாவளி நெருக்கத்தில். வடக்குத் தெருவில் முதலாளி வீட்டைப் பார்த்துத் திருகைத் திருகிக்கொண்டிருந்தவனுக்கு, முதுகுக்குப் பின்னால் பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. தடுப்புச் சுவரில் ஏறிப் பார்த்தான். ஓடைக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்கரைத் தெருவில் கவர்மெண்டு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளில் ஓடைக்கு முதுகைக் காட்டி நிற்கிற வரிசையில், முதலாளி வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிற வீடு கோணலாக நின்றது. ஈரத் தலையோடு ஒரு பெண் புழக்கடைக்கு ஓடிவந்து நின்றாள். அது அவனுடைய அக்கா பேச்சியம்மாள். ஒருவேளை கண் மயக்கமோ என்று மறுபடி திருகைப் பிடித்து, இந்த முறை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே மெல்லத் திருகினான். முன்னால் எவ்வளவு நிமிர்ந்ததோ பின்னால் அவ்வளவு சாய்ந்தது. லென்ஸ் சாய்வை அழிக்கவில்லை. எடுக்கிறவனின் முதுகுக்குப் பின்னால் எது நிற்கிறதோ அதன் மேல் கொண்டுபோய்ப் போட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கே காமிராவை மூட்டை கட்டியிருக்க வேண்டும். அவன் என்ன செய்தான் தெரியுமா? திருகின திருகை அப்படியே விட்டு, படத்தை எடுத்து, வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மனசு கேட்காமல் மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனபோது, கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்கக் கடப்பைக் கல் துண்டுகளை வண்டியில் வைத்துக் கொண்டுபோனான். அக்கா அதைத் தெருவெல்லாம் காட்டினாள். "கேக்காமலே கொண்டாந்துருக்கான் பாருங்க, எந் தம்பி மாதிரி யாருக்குக் கிடைக்கும்!" அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கண்மாய்க்கரைத் தெரு சாய்வை வாங்கிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக ஓடை வரிசை வீடுகள் எல்லாம் சாய்ந்தன, சாய்ந்த வீட்டில் எப்படி இருப்பது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள். தலையை மேட்டுப் பக்கம் வைத்துப் படுக்க வேண்டும். சோறு வடிக்கும்போது பானையை வாசல் பார்த்து வைத்தால் அது தானாகவே வடித்துக்கொள்ளும். துணி துவைத்த தண்ணீர் ஒரு மூலைக்கே ஓடுவதால் அந்த மூலையில் ஒரு ஓட்டை போட்டு, அங்கே கீரை போட்டார்கள், கீரை நன்றாக வந்தது. தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் ஒட்டின பெட்டியை மேட்டில் வைத்துவிட்டால் அது சறுக்கிக்கொண்டே கூடைக்குள் போய் விழும், வேலை மிச்சம் என்றார்கள். மீட்டர் பார்க்க வந்த மின்சார வாரியத்துக்காரர் தலையைச் சாய்த்துப் படித்துப் பழகி, மற்றத் தெருக்களிலும் அப்படியே படித்தார். மினி பஸ் கண்டக்டர், "சாஞ்ச தெரு எறங்கு!" என்று கத்தினார், யாரும் கோபிக்காமல் இறங்கினார்கள். விசேஷம் வந்தால் மட்டும் சாய்ந்த வரிசைக்காரர்கள் எதிர்வரிசையில் நேராக நிற்கிற வீட்டைக் கேட்டு வாங்கி அங்கே பந்தி போட்டார்கள். அதற்கு மறுப்புச் சொல்வது மரியாதை இல்லை என்று தெருவில் ஒரு சட்டமே ஆகிவிட்டது. பேச்சியம்மாளுக்கு எதிர்வீடு ரஞ்சிதம், இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி ஆபீஸில் வேலை, ஒரே குழாயில் தண்ணீர். "எம் வீடு எதுக்கு இருக்கு? ஒனக்குத்தான்" என்பாள் ரஞ்சிதம்.

ஆனால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் கண்மாய்க்கரைத் தெரு கூசியது. வடக்குத் தெரு வீடுகள் அம்புட்டும் நிமிர்ந்து நிற்கையில் நம்ம வீடு மட்டும் சாய்கிறது என்றால் நம்மிடம் என்னவோ குறை இருக்கிறது, யாரோ என்னவோ செய்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி தன் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றாததை நினைத்து அழுதாள். பேச்சியம்மாள், தான் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டு மறந்த கிடாயை நினைத்துக்கொண்டு, கடன் உடன் பட்டு வெட்டிப் பொங்கல் வைத்தாள். அந்தக் கறிச் சோற்றைக் காளிராஜும் சாப்பிட்டான். "கொஞ்சமாச்சும் நிமுந்துருக்கா பாரு தம்பி, உனக்குத்தான் கண்ணு சுத்தம்" என்று அக்கா கேட்டாள். மறுநாள் முதலாளி வீட்டில் எடுக்க வேண்டியிருந்தது. "லேசா நிமுந்த மாதிரிதான் தெரியுதுக்கா" என்று சொன்னான், அந்தச் சோற்றுக் கையோடு.

தெருக்காரர்கள் தங்கள் வீட்டையும் ஒரு போட்டோ எடுத்துவிடச் சொல்லிக் கேட்காமல் இல்லை. அது மாடி வீட்டுக்குத்தான் சரிப்படும், தொகுப்பு வீட்டுக்குச் சரிப்படாது என்று சொல்லிவைத்திருந்தான். நம்பினார்கள். நல்ல சாமான் எதுவும் தொகுப்பு வீட்டுக்குச் சரிப்படாது என்பதில் அவர்களுக்கு ஏற்கெனவே சந்தேகம் கிடையாது.

தை பிறந்ததும் அக்கா மகள் மாரீஸ்வரிக்கு ஒரு வரன் வந்தது. பையன் முதலாளியின் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன், சாத்தூர்ப் பக்கம், நல்ல குணம், மாரீஸ்வரிக்கும் பிடித்திருந்தது. பெண்ணுக்குத் தாய்மாமன் காளிராஜ்தான், முறைப்படி அவனை வைத்துத்தான் பேச்சு. ஆனால் பையனின் அம்மா சங்கரவடிவு ஒரே பிடியாக நின்றாள். "பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா நாங்க வீடு பாக்க வருவோம்ல? வந்து பாக்கையில வீடு சாஞ்சுருந்தா எங்க சனம் கை நனைக்க மாட்டாக. சாஞ்ச வீட்டுப் பொண்ணு வந்து எம் பையன் குடும்பத்தையும் சாச்சுருச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க" என்று சொல்லியனுப்பிவிட்டாள். எதிர்வீட்டில் பந்தி போடலாம், எதிர்வீட்டைப் பெண் வீடு என்று காட்ட முடியுமா?

வீடு பார்க்க வரும் நாளுக்கு முந்தின நாள் அக்கா அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனான். மேட்டுப் பக்கம் நல்ல நாற்காலியைப் போட்டு அவனை உட்காரவைத்தாள், தாய்மாமன் அல்லவா, அந்த வீட்டில் சறுக்காத ஒரே இடம் அதுதான். மாரீஸ்வரி காப்பி கொண்டுவந்தாள். அந்தச் சரிவில் ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து வந்தாள்.

"சரிப்படுதோ படலையோ, ஒரு படம் எடுத்துப் பாரேன் தம்பி" என்றாள் அக்கா. "அவுக பாத்துட்டுப் போற வரைக்கும் நின்னாப் போதும். எம் புள்ளைக்காகக் கேக்கேன்."

மாரீஸ்வரி உள்ளே போகிற வரைக்கும் பொறுத்திருந்தான். பிறகு சொல்லிவிட்டான். ஒன்றையும் மறைக்கவில்லை, பாய் கடையிலிருந்து ஆரம்பித்து, பாத்திரம் உருண்டது, திரும்பிப் பார்த்துக்கொண்டே திருகினது, கடப்பைக் கல், கிடாக்கறி எல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

பேச்சியம்மாள் அவன் கையை முகத்திலிருந்து இழுத்து விலக்கினாள். அப்புறம், "எப்ப இருந்துலே தெரியும் ஒனக்கு?" என்றாள்.

"தீபாவளியில இருந்துக்கா."

"நான் கிடா வெட்டுனது மார்கழியிலலே."

"ஆமாக்கா."

"தின்னியேலே. உக்காந்து தின்னியே." அவள் கை ஓங்கினாள். ஓங்கின கையை அவன் மேல் போடாமல் தன் நெஞ்சிலேயே அடித்துக்கொண்டாள். "என்ன பாவம் பண்ணுனேன் என்ன பாவம் பண்ணுனேன்னு நான் தெனைக்கும் யோசிச்சு யோசிச்சுச் செத்தேன். வேற ஆளா இருந்தாக் காறித் துப்பிருப்பேன். எங் கூடப் பொறந்துட்டே."

"இப்பச் சரி பண்ணிரலாம்க்கா" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஓடைக்குள்ள எறங்கி, முதலாளி வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, ஒன் வீட்டுப் புழக்கடையப் பாத்து எடுத்தேன்னா, எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே போயிரும். அதுதான் நியாயம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்திலிருந்த கோபம் போய் வேறு ஒன்று வந்தது. "முதலாளி வீட்டுக்கா?" என்றாள். "நானும் எம் புள்ளையும் அவுக ஆபீஸுல. மாப்பிள்ளையும் அவுக ஆபீஸுல. நாளைக்கு அவுக வீடு சாஞ்சு, ஓடைக்குள்ள நின்னு எடுத்தது நீதான்னு தெரிஞ்சா? வேணாம் சாமி. அந்த வம்பே வேணாம்."

"அப்ப வேற வழி, முன்பக்கம் தெருவுல நின்னு எடுக்கிறதுதான்."

"எடு."

"எடுத்தா என் முதுகுக்குப் பின்னால ரஞ்சிதம் வீடுக்கா."

வெளியே குழாயடியில் ரஞ்சிதம் யாரிடமோ சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அவளுக்குக் கட்டிக்குடுக்கப் பொம்பளைப்புள்ள இல்லைல்ல" என்றாள்.

அதைக் கேட்டதும் காளிராஜுக்கு ஒரு நிம்மதி வந்தது. ஓடைக்குள் இறங்க வேண்டியதில்லை, முதலாளியைப் பகைக்க வேண்டியதில்லை, வெற்றிலைத் தட்டு தொடர்ந்து வரும். நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் போல அந்த நிம்மதி இறங்குவதை அவனே கவனித்தான். அதற்குத்தான் அவன் அதற்கப்புறம் ரொம்ப நாள் வெட்கப்பட்டான், லென்ஸ் வாங்கினதற்குக்கூட இல்லை. எதிர்வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, அக்காவையும் மாரீஸ்வரியையும் வாசலில் நிறுத்தி, திருகைத் திருகினான். வீடு நிமிர்ந்தது. மாரீஸ்வரி கைகொட்டிச் சிரித்தாள். அக்கா படத்தில் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு குடம் உருண்டு வந்து அவன் காலில் தட்டி நின்றது, அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வெட்டின கிடா இப்போதுதான் பலித்தது என்று அக்கா தெருவில் சொல்லிவைத்தாள். மறுநாள் சங்கரவடிவு வந்து பார்த்தாள், சுவரில் கையை வைத்துப் பார்த்தாள், எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள், அது உருளவில்லை. கை நனைத்தார்கள். அடுத்த முகூர்த்தத்திலேயே பூ வைக்க நாள் குறித்துவிட்டார்கள்.

பூ வைக்கிற அன்று தாய்மாமனுக்குச் சந்தனம் பூசி, தோளில் துண்டு போட்டு, நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. பேச்சியம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலுக்குக் கிளம்பினபோது ரஞ்சிதம் வேகவேகமாக உள்ளே வந்தாள். குளித்துப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள், கண் அழுது சிவந்திருந்தது. வந்ததும் பேச்சியம்மாளின் இரண்டு கையையும் தட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பேச்சி, என்னைய மன்னிச்சிரு தாயி. ஒங்க வீட்டுல எடம் பத்தாதுன்னு அவுகளுக்கு எங்க வீட்டுல எலை போடுறதாச் சொல்லிருந்தேன். அன்னைக்குச் சாஞ்சதுல இருந்து முட்டுக் குடுத்துப் பாக்கேன், நிக்க மாட்டேங்குது, ரசம் எலையை விட்டு ஓடுது. நான் என்ன பாவம் பண்ணுனேனோ தெரியல, ஒனக்கு ஒரு நல்லது நடக்குற நேரம் பாத்து எம் வீடு இப்பிடி ஆயிப்போச்சு. என்னாலதான ஒனக்கு இந்தக் குறை?"

பேச்சியம்மாள் அவளைப் பார்த்தாள். காளிராஜ் அக்காவைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடுவாள் என்று அவனுக்குப் பயமாக இருந்தது, சொல்லிவிட மாட்டாளா என்றும் இருந்தது.

"இதுக்குப் போயி அழுவாகளா?" என்றாள் அக்கா. ஆரத்தித் தட்டை ஒரு கையில் மாற்றிக்கொண்டு மற்றக் கையால் ரஞ்சிதத்தின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "ஒன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நான் மன்னிச்சுட்டேன், விடு."

ரஞ்சிதத்துக்கு உயிர் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். சந்தனம் காயாத நெற்றியோடு உட்கார்ந்திருந்தவனைத் திரும்பிப் பார்த்து, "அக்காவுக்கு எம்புட்டுப் பெரிய மனசு, பாத்தீகளா தம்பி?" என்றாள்.

"ஆமாக்கா" என்றான் காளிராஜ்.